மெட்டுப் பிசகாத கருவி

எளியவர் வீட்டுக்குள் வந்து சேரும் பொருள்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவற்றுள் பல, விலையை மட்டும் பார்த்து வாங்கப்பட்டவை. குடை முதல் மழைக்கே ஒழுகும். கத்தரிக்கோல் துணியை வெட்டாமல் மெல்லும். கைவிளக்கு தேவையான இரவில் கண்ணை மூடிக்கொள்ளும். இவற்றால் நேரும் நட்டம் சில நூறு ரூபாய்களோடு போய்விடும். ஆனால் ஒன்றைக் கற்றுக்கொள்ளத் தொடங்கும் பிள்ளையின் கையில் கொடுக்கப்படும் கருவி பழுதாக இருந்துவிட்டால், அந்த நட்டத்தைக் காசால் அளந்துவிட முடியாது. குடை ஒழுகினால் நாம் குடையைக் குறை கூறுகிறோம். கருவி பிசகினாலோ கற்கும் பிள்ளை தன்னையே குறை கூறிக்கொள்கிறது.

இதை எனக்கு உணர்த்தியது ஒரு மின்கித்தார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், தேவிபட்டினத்துக்கு வடக்கே, பாக் விரிகுடாவின் அலையடங்கிய கரையில் அமைந்தது எங்கள் திருப்பாலைக்குடி. கடலை நம்பியவர்களும், கடல் கடந்து பொருளீட்டுபவர்களை நம்பியவர்களுமாக வாழும் ஊர். இங்கே வலையைப் பற்றியோ படகின் எஞ்சினைப் பற்றியோ ஐயம் எழுந்தால், தெருவுக்கு நான்கு பேர் விடை கூறுவார்கள். கித்தாரைப் பற்றி ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை. அந்த ஊரில்தான் என் தங்கையின் மகன், பதினேழு வயதுப் பிள்ளை, கித்தார் கற்க ஆசைப்பட்டான்.

என் மைத்துனர் மௌத்தான பிறகு அவன் பேச்சுக் குறைந்துபோயிருந்தது. பள்ளியிலிருந்து வந்தால் கைப்பேசியில் இசை கேட்டபடி மூலையில் அமர்ந்திருப்பான். அவன் விருப்பம் அறிந்த தங்கை, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வெளியூரிலிருந்து ஒரு மரக்கித்தாரை வாங்கிக் கொடுத்தாள். புதியதுதான், பார்வைக்குப் பளபளப்பானதுதான். ஆறு மாதம் அவன் அதனோடு போராடினான். விரல் நுனிகள் கன்றிச் சிவந்தன. எவ்வளவு முயன்றும் கேட்ட பாட்டு கையில் வரவில்லை. ஒருநாள் கருவியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, “எனக்குக் காது சரியில்லை மாமா, இது எனக்கு வராது” என்றான். தங்கையும், “விட்டுவிடுங்கள் அண்ணே, அவனுக்கு அமைப்பு இல்லை” என்றாள்.

பதினேழு வயதில் ஒருவன் தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளும் தீர்ப்பு, பல நேரங்களில் எழுபது வயது வரை மாறுவதில்லை. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று பார்க்க விரும்பினேன். எனக்கு இசை தெரியாது. ஆனால் முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன். கித்தார் என்பது பாதிக்குமேல் கணக்குத்தான் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

வீணையில் இருப்பதைப் போலவே கித்தாரின் தண்டியிலும் மெட்டுகள் உண்டு. தந்தியின் முழு நீளத்தில் சரிபாதியில் பன்னிரண்டாம் மெட்டு அமையவேண்டும். அங்கே அழுத்தி மீட்டினால், வெறுந்தந்தியின் சுரமே ஒரு ஸ்தாயி உயர்ந்து ஒலிக்கும். இடைப்பட்ட மெட்டுகளுக்கும் கணக்கு உண்டு. முழு நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் வருவது முதல் மெட்டின் தூரம். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டு. மின்கித்தார்கள் பலவற்றில் தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர். ஆகவே முதல் மெட்டு ஏறத்தாழ 36.4 மில்லிமீட்டரிலும், பன்னிரண்டாம் மெட்டு 324 மில்லிமீட்டரிலும் விழும். இதில் பிசகு நேர்ந்தால், உலகின் தலைசிறந்த வித்துவான் மீட்டினாலும் சுரம் பிசகியே தீரும்.

பரணிலிருந்த கித்தாரை இறக்கி அளந்தேன். பன்னிரண்டாம் மெட்டு, நடுவிலிருந்து நான்கு மில்லிமீட்டர் விலகியிருந்தது. கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் அந்த விலகல், அடுத்தடுத்த இரு சுரங்களுக்கு இடையேயுள்ள தொலைவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சமம். போதாக்குறைக்குத் தந்திகள் மெட்டுக்கு மேலே வெகு உயரத்தில் நின்றன. அவ்வளவு தூரம் அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுரம் இன்னும் ஏறிவிடும், விரலும் புண்ணாகும். பிள்ளையின் காது பழுதற்றது. பழுதான ஒலியைப் பழுதென்று அது சரியாகவே சொல்லியிருந்தது. கருவிதான் அவனிடம் பொய் சொல்லியிருந்தது.

இந்தக் கருவியின் பூர்வீகத்தையும் இங்கே சிறிது சொல்லவேண்டும். கிரேக்கரின் ‘கிதாரா’ என்னும் சொல் அரபியரிடம் ‘கீதாரா’ ஆகி, முஸ்லிம்கள் ஆண்ட அந்தலூசியாவின் வழியாக ஸ்பானிய மொழியில் ‘கிதார்ரா’ ஆயிற்று என்பர் சொல்லாராய்ச்சியாளர். ஐரோப்பியரின் ‘லூட்’ என்னும் தந்திக்கருவியின் பெயர், மரம் எனப் பொருள்படும் ‘அல் ஊத்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. பக்தாதிலிருந்து புறப்பட்டு 822-இல் குர்துபா நகரை அடைந்த ஸிர்யாப், ஊதில் ஐந்தாம் தந்தியைச் சேர்த்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இசைக்கருவிகளைப் பற்றி நம் ஆலிம்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வரலாற்றில் இக்கருவி நடந்துவந்த பாதையை மட்டுமே குறிப்பிட்டேன்.

மின்கித்தார் இருபதாம் நூற்றாண்டின் குழந்தை. அதன் உடல் பெரும்பாலும் கெட்டியான மரக்கட்டை. தந்திகளுக்கு அடியில் காந்தங்களும், அவற்றைச் சுற்றித் தலைமுடியளவு நுண்ணிய செம்புக்கம்பியில் பல்லாயிரம் சுற்றுகளும் இருக்கும். இரும்புத்தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவு சுருளில் மின்னோட்டத்தை எழுப்புகிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த விதியே இங்கும் ஆள்கிறது. அந்த மெல்லிய மின்னோட்டத்தை ஒலிபெருக்கி பேரொலியாக்குகிறது. ஆகையால் இதில் மரப்பேழைதான் ஒலியைப் பெருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தந்திகளும் மெல்லியவையாக இருக்கலாம். வளரும் பிள்ளையின் விரலுக்கு மரக்கித்தாரைவிட இது இதமானது.

இக்கருவி எளியவர் கைக்கு எட்டியதற்கு ஒருவகையில் காரணமானவர், கலிபோர்னியாவில் வானொலிப்பெட்டி பழுதுபார்த்துவந்த லியோ ஃபெண்டர். அவருக்குக் கித்தார் வாசிக்கவே தெரியாது. ஆனால் தண்டியை உடலோடு பசையால் ஒட்டாமல் திருகாணியால் முடுக்கிவிட்டால், தொழிற்சாலையில் விரைவாகச் செய்யலாம், பழுதானால் தண்டியை மட்டும் மாற்றலாம் என்று கண்டார். 1950-இல் அவ்வகைக் கித்தார் சந்தைக்கு வந்து, மறு ஆண்டு ‘டெலிகாஸ்டர்’ என்று பெயர் பெற்றது. இன்னும் கீழே இறங்கிவந்தவர் நேதன் டேனியல். அவருடைய ‘டான்எலக்ட்ரோ’ நிறுவனம் அழுத்தப்பட்ட மரநார்ப் பலகையால் கித்தார் உடலைச் செய்தது. உதட்டுச் சாயம் அடைக்கும் உலோகக் குழாயில் காந்தச்சுருளை வைத்தது. ‘சியர்ஸ்’ என்னும் பெருங்கடை அவற்றைத் தன் பெயரில் மலிவாக விற்றது. கித்தாரின் பெட்டிக்குள்ளேயே ஒலிபெருக்கியை அமைத்தும் விற்றது. ஏளனத்துக்குரியதாகத் தோன்றும் அந்தக் கருவியை, பின்னாளில் உலகப்புகழ் பெற்ற ஜிம்மி பேஜ் மேடைகளில் விரும்பி வாசித்தார். 1982-இல் ஃபெண்டர் நிறுவனம் ஜப்பானில் செய்வித்துக் குறைந்த விலையில் விற்ற ‘ஸ்குவயர்’ கித்தார்களும் அவ்வாறே. அவற்றின் செய்நேர்த்தி வியப்பளித்தது. அந்தத் தொடக்க காலத்துக் கருவிகளை இன்றும் தேடி வாங்குவோர் உண்டு.

இவற்றைப் படித்தபின், மலிவு வேறு, மட்டம் வேறு என்பது எனக்குத் தெளிவாயிற்று. கணினி வழிநடத்தும் இயந்திரங்கள் வந்தபின் தண்டியைச் செதுக்குவதும் மெட்டுக்குக் கோடு கீறுவதும் அச்சுப் பிசகாமல் நடைபெறுகின்றன. இந்தோனேசியாவிலும் சீனாவிலும் உள்ள ஆலைகளில் அவ்வாறு செய்யப்படும் மலிவான கித்தாரிலும் அளவு சரியாக இருக்க வாய்ப்புண்டு. விலையைக் குறைப்பதற்காக அங்கே விட்டுவிடப்படுவது, கையால் செய்யவேண்டிய கடைசி மெருகு. அதை நாமே செய்துகொள்ளலாம்.

இரு மாதத் தேடலுக்குப் பின் இராமநாதபுரத்தில் ஒரு வீட்டில் அத்தகைய மின்கித்தார் ஒன்று கிடைத்தது. மலேசியாவிலிருந்து திரும்பிய ஓர் இளைஞர் கொண்டுவந்து, வாசிக்க நேரமின்றிக் கட்டிலுக்கடியில் போட்டுவைத்திருந்தார். இந்தோனேசியாவில் செய்தது, பெரிய பெயர் எதுவும் இல்லை. சிறிய ஒலிபெருக்கியையும் சேர்த்து 5,500 ரூபாய் கேட்டார். என் தங்கையின் முகம் சுருங்கியது. முதற்கருவியில் சுட்டுக்கொண்டவள் அவள்.

நான் அளவுநாடாவை எடுத்தேன். பன்னிரண்டாம் மெட்டு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. தண்டியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தேன். படகுத் தச்சர் பலகையைப் பார்ப்பதும் இப்படித்தான். வளைவு சிறிதே இருந்தது. தண்டிக்குள் புதைந்துள்ள எஃகுக்கம்பியைத் திருகிச் சரிசெய்துவிடலாம். ஒவ்வொரு மெட்டாக அழுத்திப் பார்த்த மருமகன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் விலகிச் செல்லவும் இல்லை. பணத்தைக் கொடுத்தேன்.

குறைகள் இருந்தன. தந்திகள் துருவேறியிருந்தன. மெட்டுகளின் ஓரங்கள் விரலைக் கீறின. ஒலிபெருக்கியோடு இணைத்தால் வண்டு ரீங்கரிப்பதுபோல் இரைச்சல் எழுந்தது. இவற்றுக்கெல்லாம் மருந்து எங்கள் ஊரிலேயே இருந்தது. கைப்பேசி பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் பின்மூடியைத் திறந்து, அறுந்துகிடந்த புவிக்கம்பியைப் பற்றவைத்தார். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். இரைச்சல் அடங்கியது. படகு வேலை செய்யும் தச்சர் சிற்றரத்தால் மெட்டுகளின் ஓரங்களை மழித்துக் கொடுத்தார். குதிரையிலுள்ள சிறு திருகாணிகளைத் திருப்பித் தந்தியின் உயரத்தை இரண்டு மில்லிமீட்டராக்கினோம். புதுத்தந்தி பூட்டினோம். உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது என்பது கடற்கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்; ஆகவே வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித்துணியால் தந்திகளைத் துடைத்துவைக்கவேண்டும் என்பது வீட்டுச் சட்டமாயிற்று.

பிருடைகளைத் திருகிச் சுரம் சேர்த்து, மூன்று தந்திகளை ஒருசேர அழுத்தி அவன் மீட்டியபோது எழுந்த ஒலி பொருந்தியிருந்தது. மறுபடியும் மீட்டினான். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தியும், அழுத்தாமல் தொட்டுமாக இருமுறை மீட்டி, இரண்டும் ஒன்றே என்று கண்டான். பிறகு என்னைப் பார்த்து, “அப்படியென்றால் தப்பு என் காதில் இல்லை, மாமா” என்றான். என் தங்கை அடுப்படிக்குள் போய்விட்டாள். கண்ணீரை மறைக்கவே போனாள் என்பது எனக்குத் தெரியும்.

அவன் இன்று பெரிய வித்துவான் ஆகிவிடவில்லை. ஆகவேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. ஏழெட்டுப் பாடல்களைப் பிசகின்றி வாசிக்கிறான். வாசித்ததைப் பற்றித் தாயிடம் பேசுகிறான். பேச்சுக் குறைந்திருந்த வீட்டில் அது சிறிய மாற்றமன்று.

எளிய கருவியிலிருந்து பெரிய இசை பிறந்ததற்குச் சான்றுகள் உண்டு. சஹாரா பாலைவனத்துத் துவாரெக் முஸ்லிம்களின் ‘தினாரிவென்’ இசைக்குழுவை நிறுவிய இப்ராஹீம் அக் அல்ஹபீப், 1963-இல் மாலியில் நிகழ்ந்த கிளர்ச்சியின்போது தந்தை கொல்லப்படுவதைக் கண்ட குழந்தை. தகரப்பெட்டியும் குச்சியும் மிதிவண்டியின் தடைக்கம்பியும் கொண்டு அவர் தம் முதல் கித்தாரைச் செய்துகொண்டார். பின்னர் மின்கித்தார்களை ஏந்திய அக்குழு 2012-இல் கிராமி விருது பெற்றது. நம் பக்கத்தில், ஆந்திரத்தின் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்த உ. சீனிவாஸ், மேல்நாட்டு மாண்டலினை மின்கருவியாக்கி, இரட்டைத் தந்திகளை விடுத்து ஐந்து ஒற்றைத் தந்திகளை அமைத்துக்கொண்டு, கருநாடக இசையின் கமகங்களை அதில் எழுப்பிக்காட்டினார். எனினும் இவர்களைக் காட்டி, “திறமை இருந்தால் தகரத்திலும் இசை வரும், ஏழைக்கு எதற்கு நல்ல கருவி?” என்று பேசுவோரை நான் ஏற்கமாட்டேன். தகரத்தை வென்றவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. தகரத்தால் தோற்றவர்கள் தங்களுக்குத் திறமை இல்லையென்று நம்பி வீட்டுக்குள் ஒடுங்கிவிட்டதால், அவர்கள் எத்தனை பேர் என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இது கித்தாருக்கு மட்டும் உரிய செய்தியன்று. முள் தளர்ந்த கவராயத்தால் வட்டம் வரையும் மாணவி, தனக்கு வடிவியல் வராது என்கிறாள். நூல் அறுக்கும் இயந்திரத்தில் தையல் பழகும் பெண், தனக்குக் கைவேலை வராது என்கிறாள். பார்வைக்குறை கண்டறியப்படாத சிறுவன் படிப்பில் மந்தம் எனப்படுகிறான். “எனக்கு வராது” என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை ஏற்றுக்கொள்வதற்கு முன் பெற்றோர் அதன் கையிலுள்ள கருவியை ஒருமுறை வாங்கிப் பார்க்கட்டும். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. என் சட்டைப் பையிலிருந்த அளவுநாடாவின் விலை முப்பது ரூபாய்.