முதலில் அரசாண்டது யார்?

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் வெஸ்டெரோஸ் உலகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் டிராகன்கள் வரும், வடக்கே எழுநூறு அடி உயரத்தில் நிற்கும் பனிச்சுவர் வரும், இரும்புச் சிம்மாசனத்துக்கு உண்மையான உரிமை யாருக்கு என்ற வாக்குவாதம் வரும். எனக்கு அந்த நாவல்களில் மனம் போய் நிற்கும் இடம் வேறு. கதையின் ஓரத்தில், ஆற்றுநாட்டில், அடுத்தடுத்த நிலங்களில் வாழும் இரண்டு பிரபுக் குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று பிளாக்வுட், மற்றொன்று பிராக்கென். மையக் கதைக்கு இவர்கள் அவ்வளவு முக்கியமில்லை. இவர்களை நீக்கிவிட்டாலும் ஸ்டார்க்குகளும் லானிஸ்டர்களும் அடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால், கற்பனையில் எழுந்த ஓர் உலகம் உண்மையான நாடுபோல என்னை நம்பவைத்தது இந்த இரண்டு வீட்டாரின் பகையால்தான்.

பகை எதனால் வந்தது என்று கேட்டால், இரண்டு வீட்டிலும் பதில் தயாராக இருக்கிறது. ஆதியில் நாங்கள்தான் அரசர்கள், அவர்கள் எங்களுக்குக் கீழே இருந்த சிற்றரசர்கள், துரோகம் செய்து எங்களைக் கவிழ்த்தார்கள் என்பது பிளாக்வுட் சொல்லும் வரலாறு. பெயர்களை மட்டும் இடம் மாற்றினால் பிராக்கென் சொல்லும் வரலாறு கிடைத்துவிடும். பிளாக்வுட்டுகள் இன்றும் பழைய தெய்வங்களை வணங்குகிறார்கள். பிராக்கென்கள், கடல் கடந்து வந்த ஆண்டல் இனத்தார் கொண்டுவந்த எழுவர் சமயத்துக்கு மாறிவிட்டார்கள். பிளாக்வுட் கோட்டையான ரேவன்ட்ரீயில் அந்தப் பழைய தெய்வங்களுக்குரிய பிரம்மாண்டமான வீர்வுட் மரம் ஒன்று நிற்கிறது. அது பட்டுப்போய் ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டனவாம். விஷம் வைத்தது பிராக்கென்கள் என்பதில் பிளாக்வுட் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. மரம் செத்த பிறகும் ஒவ்வொரு மாலையும் நூற்றுக்கணக்கான அண்டங்காக்கைகள் வந்து அதில் அடைகின்றன. குடும்பக் கொடியிலும் அந்தப் பட்ட மரமும் காக்கைக் கூட்டமும்தான். தங்களுக்கு நேர்ந்த அநியாயத்தையே சின்னமாக்கிப் போருக்குத் தூக்கிப்போகும் குடும்பம் அது.

2011இல் வெளிவந்த 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' நாவலில் ஜேமி லானிஸ்டர் இந்த ஊருக்கு வருகிறான். பிராக்கென் பிரபு ஜோனஸ், அரசரின் பெயரைச் சொல்லிக்கொண்டு ரேவன்ட்ரீயை முற்றுகையிட்டிருக்கிறார். அதை முடித்துவைப்பதுதான் ஜேமியின் வேலை. சமாதானம் பேசி, பிளாக்வுட் பிரபு டைட்டஸின் மகன் ஹாஸ்டரைப் பணயக் கைதியாகக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறான். ஹாஸ்டர் புத்தகப் பிரியன். ஒல்லியான, நெடுநெடுவென்று வளர்ந்த பையன். குதிரையில் போகும்போது ஜேமி சும்மா ஒரு கேள்வி கேட்கிறான்: உங்கள் இரண்டு வீட்டுக்கும் அப்படி என்னதான் பகை?

இந்த உரையாடலை நான் பலமுறை படித்திருக்கிறேன். பையன் ஆர்வத்தோடு வீர யுகத்திலிருந்து ஆரம்பிக்கிறான். குதிரை விற்ற காசில் கூலிப்படை சேர்த்து பிராக்கென்கள் தங்கள் அரசனைக் கவிழ்த்தார்கள் என்கிறான். எப்போது நடந்தது என்று ஜேமி கேட்டதும் பேச்சு தடுமாறுகிறது. ஆண்டல்கள் வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பு, ஒரு நூலின்படி ஆயிரம் ஆண்டுகள் முன்பு. ஆண்டல்கள் எப்போது வந்தார்கள்? நாலாயிரம் ஆண்டுகள் என்பது ஒரு கணக்கு, இரண்டாயிரம்தான் என்பது மேஸ்டர்கள் எனப்படும் அறிஞர்களில் சிலருடைய கணக்கு. ஆக, இன்றைக்குக் கோட்டையைச் சுற்றி ஆட்கள் பட்டினி கிடப்பதற்குக் காரணமான அந்த முதல் துரோகம் எந்த நூற்றாண்டில் நடந்தது என்றுகூட யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதை அந்தப் பையன் மறைக்காமல் சொல்லிவிடுகிறான். அதனாலேயே எனக்கு அவன்மேல் தனிப் பிரியம். அவன் குலத்தில் வேறு யாராவது பதில் சொல்லியிருந்தால் நாள், கிழமையோடு சொல்லியிருப்பார்கள்.

சமாதானமே ஆனதில்லையா? எத்தனையோ முறை ஆகியிருக்கிறது, பல தடவை பெண் கொடுத்துப் பெண் எடுத்தே ஆகியிருக்கிறது. ஒவ்வொரு பிளாக்வுட் உடம்பிலும் பிராக்கென் ரத்தம் ஓடுகிறது, ஒவ்வொரு பிராக்கென் உடம்பிலும் பிளாக்வுட் ரத்தம். ஜெஹேரிஸ் மன்னர் செய்துவைத்த சமாதானம் ஐம்பது ஆண்டுகள் நின்றது. பிறகு புதிதாக ஏதோ ஒரு தகராறு, பழைய காயம் திறந்துகொண்டது. முன்னோருக்கு இழைத்த அநியாயத்தை மனிதர்கள் நினைவில் வைத்திருக்கும்வரை எந்தச் சமாதானமும் நிலைக்காது என்பது ஹாஸ்டரின் தகப்பனார் கருத்து. ஜேமியின் தகப்பனார் டைவின் இதற்கு வேறு வைத்தியம் வைத்திருந்தார்: எதிரியைக் காயப்படுத்தியதோடு விட்டுவிடாதே, கொன்றுவிடு. செத்தவன் பழிவாங்க வரமாட்டான். மகன்கள் வருவார்களே என்று பையன் தயங்கிச் சொல்கிறான். மகன்களையும் கொன்றுவிட்டால் வரமாட்டார்கள் என்கிறான் ஜேமி. இது வெறும் பேச்சில்லை. ரெயின், டார்பெக் என்று இரண்டு குடும்பங்களை டைவின் வேரோடு அழித்திருக்கிறார். இருவரும் குரலை உயர்த்தாமல், குதிரைமேல் போய்க்கொண்டே பேசுகிறார்கள். அந்தத் தொடரில் எத்தனையோ கொலைகள் விரிவாக வருகின்றன. இந்தப் பேச்சு தந்த அச்சத்தை அவற்றில் பல எனக்குத் தரவில்லை.

ஆற்றுநாட்டின் மண்ணுக்கும் இந்தப் பகையில் பங்குண்டு. மலையோ பாலைவனமோ கடலோ அந்த நாட்டை அரணாகக் காப்பதில்லை. எந்தத் திசையிலிருந்தும் படை உள்ளே வரலாம். நல்ல விளைநிலம் வேறு. ஆகவே எல்லோரும் வந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் ஒன்றாக நின்றிருந்தால் தாக்குப்பிடித்திருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டானுக்கு அடங்குவதைவிட அந்நியனுக்கு அடங்குவது மேல் என்று நினைத்தார்கள். உதவிக்கு வந்த புயல்நாட்டு மன்னன் ஊரைத் தன்னதாக்கிக்கொண்டான். பிறகு தீவுகளிலிருந்து இரும்புக் குலத்தார் வந்து அவனிடமிருந்து பறித்தார்கள். அவர்களில் கடைசி அரசனான ஹாரன், ஆற்றுநாட்டு ஜனங்களை வதைத்து நாற்பது ஆண்டுகள் கட்டிய ஹாரன்ஹால் கோட்டை முடிந்த நாளில்தான் ஏகான் டார்கேரியன் டிராகன்களோடு கரையிறங்கினான். கோட்டை ஹாரனோடு சேர்ந்து வெந்தது. அதன் பிறகு ஆற்றுநாட்டுக்கு ஏகான் தலைமைப் பிரபுவாக்கியது டல்லி குடும்பத்தை. ஒருகாலத்திலும் அரசராக இராத குடும்பம். முதலில் அரசாண்டது நாங்கள்தான் என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சண்டையிட்ட இருவரும் அன்றிலிருந்து ஒரே டல்லிக்கு மண்டியிட்டார்கள். சண்டை மட்டும் நிற்கவில்லை.

இந்தப் பங்காளிச் சண்டை ஒருமுறை ராஜ்யம் முழுவதையும் பற்றிக்கொண்டது. நான்காம் ஏகான் மன்னனின் ஆசைநாயகிகளில் ஒருத்தி பார்பா பிராக்கென். அவளுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவள் மெலிஸா பிளாக்வுட். இரண்டு நிலங்களுக்கும் நடுவில் இருக்கும் இரட்டைக் குன்றுகளின் பெயர்கூட முதலில் பார்பாவின் பெயரில் இருந்து, பிறகு மெலிஸாவின் பெயருக்கு மாறியது. இருவருக்கும் மன்னனால் மகன்கள். பார்பாவின் மகன் ஏகோர் ரிவர்ஸ், மெலிஸாவின் மகன் பிரிண்டன் ரிவர்ஸ். கசப்பெஃகு, ரத்தக்காகம் என்று அவர்களுடைய பட்டப்பெயர்களைச் சொல்லலாம். அரியணை கேட்டு டேமன் என்பவன் தொடங்கிய பிளாக்ஃபயர் கலகம் வெடித்தபோது ஏகோர் கலகக்காரன் பக்கம், பிரிண்டன் அரசன் பக்கம். வெஸ்டெரோஸ் கணக்கில் 196ஆம் ஆண்டு செம்புல் களத்தில் பிரிண்டனின் வில்லாளிகள் கலகத் தலைவன் டேமனையும் அவனுடைய இரட்டை மகன்களையும் வீழ்த்தினார்கள். அதே களத்தில் ஏகோர் பிரிண்டனின் ஒரு கண்ணைப் பறித்தான். ஏகோர் கடல் கடந்து தப்பி, பொற்படை என்ற கூலிப்படையை நிறுவினான். பிளாக்ஃபயர் கலகங்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தன. அரியணைக்கான போர் என்றுதான் புத்தகங்கள் அதைச் சொல்லும். எனக்கு அதில் இரண்டு தாய்வீடுகளின் வன்மமும் சரிபாதி தெரிகிறது.

மார்ட்டினின் திறமையில் நான் மிகவும் மதிப்பது, வரலாற்றை அவர் ஒரே குரலில் சொல்லாததுதான். 2018இல் வந்த 'ஃபயர் அண்ட் பிளட்' நூலைக் கில்டெய்ன் என்ற மேஸ்டர் தொகுத்த சரித்திரம் என்ற பாவனையில் எழுதினார். டிராகன்களின் உள்நாட்டுப் போரைச் சொல்லும்போது கில்டெய்னிடம் மூன்று சாட்சிகள் இருக்கிறார்கள். மன்குன் என்ற பெரிய மேஸ்டர், யூஸ்டஸ் என்ற பூசாரி, மஷ்ரூம் என்ற அரண்மனை விதூஷகன். அரியணைக்குப் போட்டியிட்ட இருவரில் பூசாரிக்கு இரண்டாம் ஏகான்மேல் சாய்வு, விதூஷகனுக்கு ரெனிராமேல். ஒரே சாவுக்கு மூன்று விவரம் கிடைக்கிறது. தொகுப்பவர் எடைபோட்டுப் பார்க்கிறார், சில இடங்களில் முடிவைச் சொல்லாமல் வாசகரிடமே விட்டுவிடுகிறார்.

அந்த உள்நாட்டுப் போரின் வேர் இங்கிலாந்தின் வரலாற்றில் இருக்கிறது. 1135இல் முதலாம் ஹென்றி இறந்தார். மகள் மட்டில்டாவை ஏற்பதாகப் பிரபுக்களிடம் சத்தியம் வாங்கியிருந்தும், அவருடைய சகோதரி மகன் ஸ்டீபன் முடிசூட்டிக்கொண்டார். பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் நாடு சீரழிந்தது. அந்தக் காலத்தைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் பதிவுகளில் ஒன்று 'கெஸ்டா ஸ்டெஃபானி'. பெயரே சொல்வதுபோல ஸ்டீபனை மையமாக வைத்தது. மற்றொன்றை எழுதிய மால்ம்ஸ்பரி வில்லியம் தன் நூலைச் சமர்ப்பித்தது மட்டில்டாவுக்குத் தகப்பன் ஒன்று, தாய் வேறான சகோதரர் குளோஸ்டர் ராபர்ட்டுக்கு. யூஸ்டஸும் மஷ்ரூமும் எங்கிருந்து வந்தார்கள் என்று இதற்குமேல் தேட வேண்டியதில்லை.

பிளாக்வுட், பிராக்கென் பகைக்கு நிகரான ஒன்றைத் தேடிய நான் பெர்சி, நெவில் என்ற இரண்டு வட இங்கிலாந்துக் குடும்பங்களிடம் போய்ச் சேர்ந்தேன். மார்ட்டின் இவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்கள் அவருடைய உலகத்துக்கு உரம் என்பது மட்டும் எல்லோரும் அறிந்தது. 1453 ஆகஸ்ட் 24 அன்று யார்க் நகருக்கு அருகில் ஹீவொர்த் என்ற இடத்தில், தாமஸ் நெவிலின் கல்யாணக் கோஷ்டியை எக்ரமான்ட் பிரபு தாமஸ் பெர்சி ஆட்களோடு வழிமறித்தார். மணப்பெண் மாட் ஸ்டான்ஹோப்பின் வழியாக ரெஸ்ஸில் கோட்டை நெவில்களுக்குப் போகவிருந்தது. அது ஒருகாலத்தில் பெர்சிகளிடமிருந்து பறிபோன சொத்து. இரண்டு ஆண்டுகளுக்குள் நெவில்கள் யார்க் கோமகனோடும், பெர்சிகள் அரசரோடும் நின்றார்கள். 1455 மே 22, செயின்ட் ஆல்பன்ஸ் வீதிகளில் பெர்சி குடும்பத் தலைவர் செத்து விழுந்தார். அதே நாளில் அங்கே செத்த இன்னொருவர் கிளிஃபர்ட் பிரபு. ஐந்து ஆண்டுகள் கழித்து வேக்ஃபீல்டில் யார்க் கோமகனின் பதினேழு வயது மகன் எட்மண்ட் கொல்லப்பட்டான். கொன்றது கிளிஃபர்டின் மகன் என்றும், தகப்பனுக்காகப் பழிதீர்த்தான் என்றும் ஒரு வழக்கு நிலைத்துவிட்டது. சில மாதங்களில் அந்த மகனும் போரில் மாண்டான். மகன்கள் வருவார்களே என்று ஹாஸ்டர் சொன்னது இதைத்தான்.

தொலைக்காட்சியில் 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடரின் இரண்டாம் பாகம் 2024இல் வந்தது. மூன்றாவது அத்தியாயம் வயல்வெளியில் ஆரம்பிக்கிறது. எல்லைக்கல்லை நகர்த்தியது யார் என்று பிளாக்வுட் பையன்களும் பிராக்கென் பையன்களும் வாய்ச்சண்டை போடுகிறார்கள். ஒருவன் கை வாளுக்குப் போகிறது. அடுத்த காட்சியில் ஆலை எரிந்து கிடக்க, கண்ணுக்கெட்டிய தூரம் பிணங்கள். நடுவில் நடந்த போரை அவர்கள் காட்டவே இல்லை. படமாக்கியவர்கள் இந்தக் குடும்பங்களை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் என்பேன். போரில் யார் எப்படி வெட்டினார் என்பதில் புதிதாக ஒன்றும் கிடையாது. வாய்ப்பேச்சு அந்த அளவுக்குப் போக எத்தனை தலைமுறை வரலாறு பின்னால் நிற்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

இவ்வளவுக்கும் நடுவில் பென்னிட்ரீ என்று ஒரு கிராமம் இருக்கிறது. இரட்டைக் குன்றுகளுக்கு இடையில், இரண்டு நிலங்களும் சந்திக்கும் இடத்தில். இரண்டு வீட்டுக்கும் கொடுக்காமல் அரசருக்கே நேரடியாகச் சொந்தமாக வைத்த ஊர். ஜேமியின் படை அங்கே போனபோது ஜனங்கள் காவல்கோட்டைக்குள் புகுந்து கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள். வந்தவர்கள் யார் பக்கம் என்றுகூட அவர்களுக்குக் கவலையில்லை. வெளியே வர மறுத்துவிட்டார்கள். பிளாக்வுட்டுக்கு மேஸ்டர்கள் எழுதிய வரலாறு இருக்கிறது, பிராக்கெனுக்கும் இருக்கிறது. இரண்டு பக்கத்துப் படையும் தங்கள் வயலில் நடந்துபோன ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்று பென்னிட்ரீ ஆட்கள் சொல்லி, அதை ஒருவர் எழுதிவைத்திருந்தால், அந்த மூன்றாவது வரலாற்றைத்தான் நான் முதலில் வாங்கிப் படிப்பேன். ஆற்றுநாட்டில் அதை எழுதக்கூடியவன் என்று எனக்குத் தோன்றுவது ஹாஸ்டர் ஒருவன்தான். நாவல் அவனை ஒரு பணயக் கைதியாக விட்டுவிட்டு முன்னே போய்விட்டது. மார்ட்டின் அவனிடம் திரும்பி வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். சிம்மாசனம் யாருக்குக் கிடைக்கிறது என்பதைக் காட்டிலும் அதில்தான் எனக்கு அக்கறை அதிகம்.