மஞ்சள் பையில் ஒரு டானிக் பாட்டில்

2025 அக்டோபர். தீர்த்தமலையில் மழை விட்ட மாலை. அரூரிலிருந்து வந்த பஸ் ஆட்களை இறக்கிவிட்டதும் மெடிக்கல் கடை முன்னால் கூட்டம் சேர்கிறது. மரவள்ளிக் காட்டில் வேலை முடித்து வந்தவர்கள், மலைக்கோயிலில் ராமர் தீர்த்தத்தில் நனைந்து இறங்கியவர்கள். தீராத நோய் அந்தத் தண்ணீரில் தீரும் என்ற நம்பிக்கையோடு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

ஒரு ஆயா முன்னால் வருகிறார். பின்னால், இடுப்பில் குழந்தையோடு மருமகள். ஆயா மஞ்சள் பைக்குள் கைவிட்டுப் பாதி தீர்ந்த பாட்டில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைக்கிறார். மூடியைச் சுற்றிச் சர்க்கரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்கிறது.

“தம்பி, கொழந்தைங்க செத்துப்போச்சுன்னு டி.வி.ல சொல்றாங்களே, அந்த டானிக்கு இதானா பாரு.”

கடைக்காரர் பாட்டிலைத் திருப்புகிறார். செல்போன் டார்ச்சை அடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிக்கிறார். எள்ளளவு எழுத்து. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கு அது அடையாளம். அதற்குப் பக்கத்தில் பெட்டி கட்டி ஒரு எச்சரிக்கை. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்று ஒரு வரி. கம்பெனி பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி. எல்லாமே ஆங்கிலம். மருமகள் எட்டிப் பார்க்கிறாள். அவள் கண் பாட்டிலில் வரைந்திருக்கும் படத்திலேயே நிற்கிறது.

அந்தச் செய்தி இதுதான். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். சாவு இருபதைத் தாண்டியது. மருந்தின் பெயர் கோல்ட்ரிஃப். தயாரித்த இடம் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரம். அக்டோபர் 1ஆம் தேதி மத்தியப் பிரதேசத்திலிருந்து கடிதம் வந்ததும், ஆயுத பூஜை விடுமுறை என்று பார்க்காமல் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் ஆலைக்குள் போய் மாதிரி எடுத்தார்கள். எஸ்ஆர்-13 என்ற பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். விற்பனைக்குத் தடை, உற்பத்தி நிறுத்தம், 13ஆம் தேதி உரிமம் ரத்து. கடிதம் வந்த பிறகு நடந்த வேலையின் வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இதே நச்சு 1972இலேயே சென்னையில் குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. 2022இல் காம்பியாவில் இந்திய மருந்தைக் குடித்த குழந்தைகள் இறந்தபோதும் இதே பெயர்தான் அடிபட்டது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஆலைக்குக் கடிதம் வந்த பிறகுதான் போக வேண்டியிருந்தது என்பது எனக்கு ஆறவில்லை.

தெலங்கானாவில் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. இந்த மருந்து, இந்த பேட்ச், கையில் இருந்தால் உடனே நிறுத்துங்கள், எங்களுக்குச் சொல்லுங்கள் என்று கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் கொடுத்தது. பாட்டிலைக் கையில் வைத்திருப்பவரைப் பார்த்துப் பேசிய அறிவிப்பு அது. இங்கே அதிகாரிகளின் அறிக்கைகளில் வழக்கமாக வரும் வாசகம், பொதுமக்கள் பீதி அடைய வேண்டாம் என்பது. பயப்படாதே என்கிறார்கள். பாட்டிலை என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டால் அந்தப் பயம் எங்கே போகும்?

ஆயாவிடம் அது அப்படியே இருக்கிறது.

“பேரு சொன்னாங்க, எனக்கு வாயில நொழையல. எல்லா டானிக்கும் வெசம்னு பக்கத்து வூட்ல சொல்றாங்க. ஒண்ணும் இல்ல, குடுங்கன்னு இவ சொல்றா.”

“இது அந்தக் கம்பெனி இல்ல, ஆயா.” கடைக்காரர் மருமகள் பக்கம் திரும்புகிறார். “ஆனா இனிமே இதக் குடுக்காதம்மா. கொழந்தைக்கு எத்தன வயசு?”

“ஒன்றர, அண்ணா.”

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சளி, இருமல் மருந்து எழுதக் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகவே வேண்டாம் என்று மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் அக்டோபர் 3ஆம் தேதி சொன்னது. மாநிலங்களுக்குப் போன அறிவுரை அது. அதில் இருந்த விஷயம், இந்த மருமகளுக்கு இந்த மேஜையருகே இப்போதுதான் வந்து சேர்கிறது.

சட்டம் நினைத்தால் ஊர்மொழியில் பேச முடியும். தீர்த்தமலை இருக்கும் இந்தத் தர்மபுரி மாவட்டத்தில் எந்த ஸ்கேன் சென்டருக்குள் போனாலும், கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம், சொல்வது குற்றம் என்று தமிழில் பலகை இருக்க வேண்டும். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் 1994 சட்டத்தின் விதிகள் உள்ளூர் மொழியைக் கட்டாயம் ஆக்கியிருக்கின்றன. பெண் சிசுக்கொலையால் பெயர் கெட்டு, தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட மாவட்டம் இது. பலகை மட்டுமே எல்லாவற்றையும் தடுத்துவிடவில்லை. ஆனாலும் அது என்ன சொல்கிறது என்று கேட்டு யாரும் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. குழந்தையின் வாயில் ஊற்றும் மருந்துக்கும் அந்த மரியாதை வேண்டும். வயது எத்தனைக்குக் கீழே கூடாது என்ற ஒரு வரியாவது, கண்ணில் படும் அளவில், தமிழில்.

“மூச்சு இழுக்குதா? பால் குடிக்குதா? ஒண்ணுக்கு ஒழுங்காப் போவுதா?” கடைக்காரர் கேட்டுக்கொண்டே போகிறார். மருமகள் முதல் கேள்விக்கு இல்லை என்றும் மற்ற இரண்டுக்கும் ஆமாம் என்றும் தலையாட்டுகிறாள். “சரி. காலையில கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டரம்மாகிட்ட காட்டு. ராத்திரி மூச்சு வாங்குச்சுன்னா விடியட்டும்னு இருக்காத. 108க்குப் போன் பண்ணு.”

“இதக் கால்வாயில ஊத்திடட்டுமா?” ஆயா பாட்டிலைத் தொடுகிறார்.

“வேணாம் ஆயா, இங்கயே வச்சிட்டுப் போ.” காலாவதி மருந்துகள் போடும் அட்டைப்பெட்டிக்குள் அதைப் போடுகிறார்.

“எம்பது ரூவா குடுத்தோம்.”

அவர் பதில் சொல்லவில்லை. ஆயா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறார். அவர் நகர்ந்த இடத்தில் சைக்கிளைப் பிடித்தபடி ஒரு பையன் வந்து நிற்கிறான்.

“அண்ணா, இருமல் டானிக் ஒண்ணு. அம்மா வாங்கியாரச் சொன்னாங்க.”

“யாருக்குடா? எத்தன வயசு?”