90 அடி வீதி

இண்டியானாபோலிஸ் என்றதும் நினைவுக்கு வருவது கார் பந்தயம்தான். 500 மைல் பந்தயம் 1911-இல் தொடங்கிய ஊர் அது. அப்படிப்பட்ட ஊரின் நடு வீதிகளில் கார்களிடமிருந்து இடத்தை வாங்கி, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் செடிகொடிக்கும் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, போய்ப் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

மாசசூசெட்ஸ் அவென்யூவில் நடக்கத் தொடங்கினேன். காலடியில் பாவுகற்கள் பதித்த அகலமான பாதை. பாதைக்கும் வாகனங்களுக்கும் நடுவே பூச்செடிப் பாத்திகள். ஒரு முனையில் ஜூலியன் ஓபி என்ற கலைஞர் மின்னொளியில் செய்த பெண்ணுருவம் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவளைப் படமெடுக்க, என் கண் பாத்திகளை விட்டு நகரவில்லை. அவை தெருவைவிடத் தாழ்வாக இருந்தன. ஓரக்கல்லில் ஆங்காங்கே திறப்பு விட்டிருந்தார்கள். தெருவில் விழும் மழைநீர் அந்தத் திறப்பு வழியே பாத்திக்குள் இறங்கி மண்ணில் ஊறுகிறது. இந்த ஊரின் பழைய பகுதியில் சாக்கடைக்கும் மழைநீருக்கும் ஒரே குழாய். பெருமழை பெய்தால் குழாய் நிரம்பி, கழிவு ஒயிட் நதியில் கலந்துவந்தது. ஆகவே பாத்தி குடிக்கும் ஒவ்வொரு குடம் தண்ணீரும் ஆற்றுக்குச் செய்யும் உதவி. அழகுக்காக வைத்த செடி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும்.

நெரிசலான நடு நகரத்தில் இத்தனை இடம் எப்படிக் கிடைத்தது? விடை 1821-இல் இருக்கிறது. வாஷிங்டன் நகரத்தை வரைந்த லான்ஃபானிடம் வேலை பார்த்த அலெக்சாண்டர் ரால்ஸ்டன்தான் இந்த ஊரையும் வரைந்தார். ஒரு மைல் சதுரம், நடுவில் ஒரு வட்டம், மூலைகளை நோக்கி நான்கு சாய்ந்த சாலைகள். சாதாரண வீதிக்கே 90 அடி அகலம். பிரதான வீதிக்கு 120 அடி. குதிரை வண்டிக் காலத்தில் அந்த மனிதர் இவ்வளவு தாராளமாகக் கோடு போட்டிருக்கிறார்! பின்னாளில் கார்கள் அந்த அகலத்தை நிரப்பிக்கொண்டன. அதிலிருந்து இங்கே ஒரு லேன், அங்கே ஒரு வரிசை பார்க்கிங் என்று மீட்டெடுத்ததுதான் தொடக்கத்தில் 8 மைல் நீளமாக இருந்த இந்தக் கல்ச்சுரல் டிரெயில். ரால்ஸ்டனின் சாய்வுச் சாலைகளில் சில இதன் கைகளாக நீள்கின்றன.

பழைய ரயில் தடத்தில் அமைந்த மோனான் பாதையில் மக்கள் திரளுவதைக் கண்ட பிரையன் பெய்ன் என்ற அறக்கட்டளைத் தலைவருக்கு உதித்த யோசனை இது. செலவு 6.3 கோடி டாலர். ஜீன் கிளிக், மெரிலின் கிளிக் தம்பதி 1.5 கோடி தந்தார்கள். மீதி பிற நன்கொடைகளும் மத்திய அரசின் போக்குவரத்து நிதியும். 2007-இல் தொடங்கிய வேலை 2013-இல் முழுதாகத் திறப்பு விழா கண்டது.

பாதையில் வைக்க ஃபிரெட் வில்சன் என்ற கலைஞர் திட்டமிட்ட ஒரு சிற்பம் மட்டும் எழவேயில்லை. நடு வட்டத்துப் போர் நினைவுச் சின்னத்தில் விடுதலை பெற்ற அடிமையின் உருவம் ஒன்று இருக்கிறது. அதையே தனியே எடுத்து நிறுத்த நினைத்தார் அவர். எங்களை மறுபடியும் அடிமைக் கோலத்திலா காட்டுவது என்று உள்ளூர்க் கறுப்பின மக்கள் பலர் எதிர்த்தார்கள். 2011-இல் திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்டது சரி என்றே நினைக்கிறேன். தினமும் அதைக் கடந்து நடக்கப்போகிறவர்கள் அவர்கள்தானே.

வர்ஜீனியா அவென்யூ வழியாக ஃபவுண்டன் ஸ்கொயர் போனேன். நெடுஞ்சாலை வெட்டிப் பிரித்த அந்தப் பேட்டையை நடு நகரத்தோடு மறுபடி சேர்த்தது இந்தப் பாதை. இண்டியானா பல்கலைக்கழக ஆய்வின்படி, 2008-க்கும் 2014-க்கும் இடையில் பாதையை ஒட்டிய சொத்துகளின் மதிப்பு 148 சதவீதம் ஏறியது. வீடு சொந்தமாக வைத்திருந்தவருக்கு அது யோகம். வாடகைக்கு இருந்தவர்களை நினைத்தபடியேதான் அந்த வீதியை நடந்து முடித்தேன்.