காலில் மூன்று நிறம்

வேலூரை அடுத்த கணியம்பாடியைத் தாண்டி அமிர்திக் காட்டுப் பக்கம் போகிறவர்கள் குண்டுகரிச்சானின் சீழ்க்கையைக் கேட்டிருப்பார்கள். நேற்றுப் பாடியதும் இன்று பாடுவதும் ஒரே பறவைதானா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. குண்டுகரிச்சான் விஷயத்தில் அது தெரியாவிட்டாலும் பாதகமில்லை. அருகிவரும் பறவை என்றால் அதுதான் நமக்கு முதலில் தெரிய வேண்டும்.

கொடைக்கானலில் அந்தக் கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள். அங்கே சோலைக்காட்டின் இருட்டில், தரையை ஒட்டிய புதர்களில் வாழ்கிறது வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. கிளியினம் அல்ல, நீலநிறச் சிறு பாட்டுப் பறவை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயர்ந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. நீலகிரியில் இருப்பது அதன் உறவினம். அதன் நிலை இன்னும் மோசம். பறவை ஆய்வாளர் வி.வி. ராபினும் அவருடைய குழுவினரும் 2017இல் இரண்டுக்குமாக ‘ஷோலிகோலா’ என்ற தனிப் பேரினத்தை வகுத்தார்கள். அவருடைய ஆய்வுக்கூடம் வேலூருக்கு அதிக தூரமில்லாத திருப்பதி ஐசர் (IISER) ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது.

ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் பறவை இது. எனவே மெல்லிய வலையில் சிக்கியதை எடுத்து, எடையும் சிறகளவும் குறித்து, எண் பொறித்த உலோக வளையத்தைக் காலில் பூட்டுவார்கள். அந்த எண்ணைப் படிக்கப் பறவை மறுபடி கைக்கு வர வேண்டும், அது அபூர்வம். அதனால்தான் கூடவே பிளாஸ்டிக் நிற வளையங்கள். ஆறு நிறம், மூன்று வளையம் என்றால் 216 அடையாளங்கள் கிடைக்கும். இடக்காலில் சிவப்பும் மஞ்சளும், வலக்காலில் நீலமும் பூண்ட பறவையைத் தொலைநோக்கியிலேயே இனம் கண்டுகொள்ளலாம். அது எந்த ஓடைவரை உரிமை கொண்டாடுகிறது, எந்தப் பாட்டைப் பாடுகிறது, அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கிறதா என்று தொடரலாம். 1928இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் மார்கரெட் மோர்ஸ் நைஸ் தன் வீட்டருகே இருந்த பாடும் சிட்டுகளுக்கு வளையமிட்டு, ஒவ்வொன்றின் வாழ்க்கையையும் இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் இந்த வேலைக்கு அவசரம் உண்டு. 2018இல் வெளியான ஆய்வின்படி, நாற்பது ஆண்டுகளில் அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. புல் இருந்த இடத்தில் சீகையும் தைலமரமும் வளர்கின்றன. சோலையும் சுருங்கியிருக்கிறது. ஒரு சோலையில் பொரித்த குஞ்சு அடுத்த சோலைக்குப் போய்ச் சேர்கிறதா என்பது அதன் காலைப் பார்த்தால்தான் தெரியும்.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பாறைச் சரிவுகளில் வாழும் மஞ்சள் தொண்டைச் சின்னானும் அழியும் ஆபத்தில் உள்ள பறவைதான். ஜவ்வாது மலையடிவாரத்தில் இருப்பவர்கள் கல்குவாரிகளுக்கு நடுவே அதற்காகவும் இதே கேள்வியைக் கேட்கலாம். வளையமிட அனுமதியும் பயிற்சியும் வேண்டும். வளையத்தைப் படிக்க இரண்டும் தேவையில்லை. மேலிருந்து கீழாக நிறங்களை எழுதி, இடத்தையும் தேதியையும் சேர்த்து மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பலாம். இடக்கால் என்பது பறவையின் இடக்கால், பார்ப்பவரின் இடப்பக்கம் அல்ல.