மூடிய அறையில் ஒரு பிரதம நீதியரசர்

இலங்கைப் பாராளுமன்றத்தின் நிலையியற் கட்டளை 78அ 1984இல் சேர்க்கப்பட்டது. அதன் எட்டாம் பிரிவின்படி, நீதியரசர் ஒருவர் மீதான தெரிவுக்குழு விசாரணையில் அவர் குற்றவாளி என்று குழு கண்டாலொழிய எதையும் வெளியிடக் கூடாது என்றிருந்தது. 2012 நவம்பரில் அந்தப் பிரிவைச் சத்தமாக வாசித்துவிட்டு என் சீனியர் கேட்டார்: "இது நீதியரசரைக் காப்பாற்ற எழுதினது. எனக்குக் காப்பு வேண்டாம், கதவைத் திறவுங்கோ எண்டு அவவே கேட்டால், பிறகு ஆரைக் காப்பாற்றுது?"

பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க அப்படித்தான் கேட்டார். அவருக்கு எதிராக 117 உறுப்பினர்கள் ஒப்பமிட்ட குற்றப்பிரேரணையில் 14 குற்றச்சாட்டுகள் இருந்தன. விசாரித்த குழுவில் 11 பேர். அவர்களில் 7 பேர் ஆளுந்தரப்பினர். அரசின் திவிநெகும சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் கருத்தைப் பெற வேண்டும் என்றும், தெரிவான சபை இல்லாத வடக்கில் ஆளுநரின் சம்மதம் போதாது என்றும் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதனால் அரசுக்கு வந்த கோபம்தான் பிரேரணையாக வந்தது என்று நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் எல்லோரும் பேசிக்கொண்டோம். அதை நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் நம்பிக்கை சாட்சியம் ஆகாது.

குழுவின் நடைமுறைக்கு எதிரான ரிட் மனு ஒன்றில் நான் கனிஷ்ட சட்டத்தரணி. சாதாரண வழக்கென்றால் பதிவேட்டைப் பார்க்கலாம், நடவடிக்கைக் குறிப்பின் பிரதியைப் பெறலாம். இங்கே எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் வெளியே கசிந்த செய்திகள்தான். டிசம்பர் 6ஆம் திகதி ஏறத்தாழ ஆயிரம் பக்கங்களை அவர் கையில் கொடுத்து, வாய்மொழிச் சாட்சிகள் இல்லை என்று குழு சொன்னதாக அறிந்தோம். பிரதம நீதியரசர் எழுந்து வெளியேறினார். மறுநாள் சம்பந்தன் உட்பட எதிர்க்கட்சி உறுப்பினர் நால்வரும் விலகினார்கள். அதன் பிறகுதான் 16 சாட்சிகள் அழைக்கப்பட்டார்கள்! குறுக்கு விசாரணை செய்ய அங்கே ஒருவரும் இருக்கவில்லை. 8ஆம் திகதி அறிக்கை வந்தது: முதலாம், நான்காம், ஐந்தாம் குற்றச்சாட்டுகள் நிரூபணமாகிவிட்டன.

மூன்றும் சொத்து, வங்கிக் கணக்கு, கணவரின் வழக்கு பற்றியவை. சின்ன விஷயங்கள் அல்ல. நீதியரசர் ஒருவரிடம் இவற்றைக் கேட்க நாட்டுக்கு உரிமை உண்டு. அவரை ஆதரித்துக் கறுப்புக் கோட்டுடன் வீதியில் நின்ற எங்களில் சிலர் இதைச் சொல்லத் தயங்கினார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த வாரம் காணி வழக்குக்காக வவுனியாவிலிருந்து வந்த ஐயா ஒருவர் நீதிமன்ற வராந்தாவில் என்னை மறித்தார். "தம்பி, அவ செய்தவவோ, செய்யேல்லையோ?" வழக்கின் சட்டம் முழுவதும் எனக்குப் பாடம். அவருடைய கேள்விக்குப் பதில் இல்லை. சாட்சி சொன்னதை நாங்கள் கேட்டிருந்தால், ஆவணத்தைக் காட்டி மறித்துக் கேட்க பிரதம நீதியரசரின் சட்டத்தரணிக்கு இடம் கிடைத்திருந்தால், ஐயாவே ஒரு முடிவுக்கு வந்திருப்பார்.

மேன்முறையீட்டு நீதிமன்றம் ரிட் மனுக்களில் எழுந்த அரசியலமைப்புக் கேள்வியை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. நீதிமன்ற அறிவித்தல்களுக்கு வலுவில்லை என்று சபாநாயகர் சபையில் தீர்ப்பளித்தார். 2013 ஜனவரித் தொடக்கத்தில் அமரதுங்க, ஸ்ரீபவன், டெப் ஆகிய மூன்று உயர் நீதிமன்ற நீதியரசர்கள் சொன்னது தெளிவானது: ஒருவரின் உரிமையைப் பாதிக்கும் இத்தகைய விசாரணை அதிகாரத்தைச் சட்டம்தான் தரலாம், நிலையியற் கட்டளை தர முடியாது. 7ஆம் திகதி, தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா இருந்த மேன்முறையீட்டு அமர்வு அறிக்கையை இரத்துச் செய்தது. அந்தத் தீர்ப்பைத் திறந்த மன்றில், நெருக்கிக்கொண்டு நின்று கேட்டோம். யாரும் உள்ளே வரலாம், வந்து கேட்கலாம். சில கிலோமீற்றர் தள்ளிக் கோட்டேயில், பாராளுமன்றத்தில் இருந்த குழு அறையில் அது நடக்கவில்லை.

பாராளுமன்றம் 11ஆம் திகதி 155க்கு 49 என்று வாக்களித்து அவரை நீக்கக் கோரியது; அதன்படி ஜனாதிபதி அவரை நீக்கினார். இதற்கு மாறாக, 2011இல் இந்திய மாநிலங்களவையில் நீதிபதி சௌமித்ர சென் தன் மீதான பதவி நீக்கப் பிரேரணைக்கு எதிராக அவையின் முன் நின்று தானே வாதாடியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 189க்கு 17 என்று அவர் தோற்றார். ஆனால் ஏன் தோற்றார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இங்கே, 2014 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றியது. அங்கும் வாதம் அதிகாரம் பற்றியதே. குற்றச்சாட்டுகளை எவரும் தொடவில்லை. 2015 ஜனவரி 28ஆம் திகதி ஷிராணி பண்டாரநாயக்க மீண்டும் தன் ஆசனத்துக்கு வந்து, மறுநாள் ஓய்வு பெற்றார். புதிய ஆட்சி அவரது நீக்கம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று கொண்டு, அவருக்குப் பின் வந்தவருக்கு அதைக் கடிதமாக அனுப்பியிருந்தது. குழு அழைத்த அந்த 16 சாட்சிகளில் ஒருவரைக்கூடத் திறந்த மன்றில் எவரும் குறுக்கு விசாரணை செய்ததாக நான் அறியேன்.