போதுமா, போதாதா?



என் மகள் ஜீமேட் தேர்வுக்குப் படிக்கின்றாள். ஆவடியில் எங்கள் வீட்டில் இஷாவுக்குப் பின்னர்தான் அமைதி கிடைக்கும். அப்போது நானும் அருகில் அமர்வேன். 45 நிமிடங்களில் 20 வினாக்கள் கொண்ட ஒரு பகுதியில், தரவு போதுமா என்று கேட்கும் வினாக்கள் வருகின்றன. கேள்வி ஒன்று, கூற்றுகள் இரண்டு, விடைகள் ஐந்து. விடையைக் கண்டறிய வேண்டியதில்லை. கண்டறிய இயலுமா என்று சொன்னால் போதும்.

அவளோ கணக்கை இறுதிவரை போட்டு நேரத்தை இழந்தாள். முதற் கூற்றில் படித்ததை இரண்டாவதற்கும் சுமந்து சென்றாள். ஆகவே முதற் கூற்றை என் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, இரண்டாவதைத் தனியே படிக்கச் சொன்னேன். முதலாவது தனித்துப் போதாது என்று தெரிந்தாலே ஐந்தில் இரண்டு விடைகள் கழிந்துவிடும். இரண்டு சமன்பாடுகள் இருப்பதாலேயே விடை கிடைத்துவிடாது; x + y = 10 என்பதும் 2x + 2y = 20 என்பதும் ஒரே செய்திதான். 'இல்லை' என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் அதுவும் போதுமானதே. இதில்தான் அவள் அதிகம் தடுமாறினாள்.

ஒருநாள் வாரிசுரிமையிலிருந்து நானே ஒரு வினா அமைத்தேன். ஒருவர் மௌத்தாகிவிட்டார். அவருக்கு மனைவி ஒருவரே. அந்த மனைவிக்குச் சேரும் தொகை எவ்வளவு? ஒன்று: அவருக்குப் பிள்ளைகள் உண்டு. இரண்டு: விட்டுச் சென்றது 24 லட்சம் ரூபாய்.

"இரண்டும் சேர்ந்தால் போதும், அத்தா. எட்டில் ஒரு பங்கு, 3 லட்சம்."

"போதாது. கடனும் வஸிய்யத்தும் கழிந்த பிறகே பங்கு என்று அந்நிஸா அத்தியாயம் கூறுகின்றது. கடன் உண்டா என்று எந்தக் கூற்றிலாவது இருக்கின்றதா?"

இதை அவளுக்குச் சொல்லும் தகுதி எனக்குக் குறைவே. சென்ற ஆண்டு பூந்தமல்லியில் மச்சான் மௌத்தானபோது பாகக் கணக்கு எழுதியவன் நான். எட்டில் ஒன்றென விரைந்து எழுதி முடித்து, எல்லோருக்கும் படித்தும் காட்டினேன். பிறகு சமையலறைக்குச் சென்ற என்னிடம், "மஹர் 5 சவரன் இன்னும் தரவில்லை, அண்ணே" என்றாள் தங்கை, மெல்லிய குரலில். சபையில் சொல்ல அவளுக்குக் கூச்சம். கொடுபடாத மஹர் கணவரின் மீதுள்ள கடன். அதை முதலில் எடுத்து வைத்த பிறகே எட்டில் ஒன்று. கூடப்பிறந்தவளுக்கே குறைத்துக் கொடுத்திருப்பேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

மகள் விடையை மாற்றிக் குறித்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

"அம்மாவின் மஹரைக் கொடுத்துவிட்டீர்களா, அத்தா?"

பாதிதான் கொடுத்திருந்தேன்.