தகடு சொல்லும் குறி

மாசியில் திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் திருவிழா முடிந்ததும் பலூன் சுடுகிற கடைக்காரர் பலகையைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அவர் துப்பாக்கியை மடக்கி ரவை போடுகிற லாகவம் மட்டும் எங்கள் தெருப் பொடியன்களை விட்டுப் போகாது. துப்பாக்கிக்கு வழியில்லை; கவட்டை இருந்தது. கொய்யாக் கவையை வெட்டி, சைக்கிள் கடை அண்ணன் கொடுத்த பழைய ட்யூபை வாராக அறுத்துக் கட்டி, உருண்டை வைக்கிற இடத்துக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் கழித்துப்போட்ட துண்டைக் கோத்தால் முடிந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நெடி அந்தத் தோலில் அப்படியே இருக்கும். சாப்பிட உட்காரும்போது விரலில் மணக்கும். "கையக் கழுவிட்டு வாடா" என்று அப்பத்தா முகத்தைச் சுளிப்பாள்.

அப்பத்தாவிடம் இன்னொரு சட்டமும் உண்டு: "உசுருள்ளது மேல அடி விழக்கூடாது." ஓணானும் தப்பித்தது, மைனாவும் தப்பித்தது. அடிப்பதற்கு ஏதாவது ஒன்றை நாங்களே செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

செய்வதற்குத் திண்டுக்கல்லில் என்ன குறை? பூட்டு ஊராயிற்றே. நாகல் நகர்ப் பக்கம் போனால் அரம் ராவுகிற சத்தம் தெருவுக்கே கேட்கும். பூட்டின் உடம்புக்கு வெட்டியெடுத்த பின் மிஞ்சிய தகடுகள் பட்டறை மூலையில் கிடக்கும், வட்டமும் மாங்காய் வடிவமுமாக ஓட்டை விழுந்து. பட்டறைத் தாத்தா ஒன்றை எடுத்து, கையைக் கிழிக்காதபடி ஓரத்தை ராவிவிட்டுத்தான் தருவார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எதுக்குடா?" என்பார், பதில் சொல்வதற்குள் அடுத்த பூட்டுக்குள் தலையைக் கொடுத்துவிடுவார்.

வெங்காயப்பேட்டைச் சாக்கு ஒன்றைக் கொல்லை மண்சுவரில் தொங்கவிடுவோம். பட்ட உருண்டை திரும்பி வந்து கண்ணில் தெறிக்காமலிருக்க அதுதான் காவல். வெயில் ஏற ஏற வெங்காய வாசம் கிளம்பும். சாக்குக்கு முன்னால் காலிப் பால் டப்பா, அதற்கும் முன்னால் ஓட்டைத் தகடு, இரண்டும் சணலில் ஆடும். தகட்டில் பட்டால் 'சளார்'. ஓட்டை வழியாகப் போய் டப்பாவில் பட்டால் 'டங்'. அடித்தவன் பட்டது என்றும், பார்த்தவன் படவில்லை என்றும் மல்லுக்கட்ட இடமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யாருக்கு எத்தனை என்று சொல்லிவிடலாம்.

கல்லுக்குப் பதில் கண்மாய்க் களிமண்ணை உருட்டி மொட்டை மாடியில் காயவைப்போம். அது பட்ட இடத்தில் பொடிந்து தடம் வைக்கும். தடத்தைப் பார்க்கவென்றே ஓர் அட்டையும் உண்டு: சாப்பாட்டுத் தட்டு, தம்ளர், அக்காவின் வளையல் என்று ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்துக் கரித்துண்டால் வட்டம் இழுப்போம். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் அட்டையின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர் என்று 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியபோது படித்தேன். அவ்வளவு சின்னப் புள்ளியா என்று மலைத்தவனுக்கு முதலில் ஞாபகம் வந்தது அக்காவின் வளையல்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கோட்டை ஏறுவோம். நாயக்கர் கட்டி, ஹைதர் அலி கைக்கும் திப்பு கைக்கும் போய், 1790-ல் கும்பினிக்காரர்கள் பிடித்த கோட்டை. மேலே கிடக்கிற பீரங்கிக்குப் பக்கத்தில் குந்தி ஒற்றைக் கண்ணை மூடினால் ஊர் முழுக்கக் கூரையும் தகரமுமாகத் தெரியும். மற்றவர்கள் பீரங்கியைத் தடவிக்கொண்டிருக்க, எந்தக் கூரைக்கடியில் என்ன பட்டறை, எங்கே என்ன கழிவு விழும் என்றுதான் என் கண் மேயும்.

அடித்த நேரத்தைவிடத் தேடிய நேரமும் கட்டிய நேரமும்தான் அதிகம். சந்தோஷமும் அதில்தான் அதிகம். உங்கள் வீட்டுப் பொடியன் பழைய டப்பா கேட்டால் எதற்கென்று துருவாதீர்கள். ஓரத்தை ராவிக் கொடுங்கள். பின்னால் தொங்கவிட ஒரு சாக்கும் சேர்த்துக் கொடுங்கள்.